ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு நைட்ரஸ்: ட்ரையா, வெட்டா, டைரக்ட் போர்ட்டா?

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடறேன். கேஸ் அடைச்சு வர்றதையும் நாம சிலிண்டர்னு தான் சொல்லுவோம், பிஸ்டன் ஓடறதும் சிலிண்டர் தான், அதனால கேஸ் இருக்கறத இங்க பாட்டில்னே சொல்றேன். அப்புறம் 'நாஸ்'ங்கறது ஒரு ப்ராண்ட் பேரு, கேஸோட பேரு நைட்ரஸ் ஆக்சைடு, இன்ஜினுக்கு கூடுதல் ஆக்சிஜன் குடுத்து பவர ஏத்தறதுக்கு விடறது.

கிட் வாங்கப் போறவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "எத்தன ஹெச்பி ஏறும்?" ஆறு சிலிண்டர்காரங்க அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது "ஆறுக்கும் ஒரே அளவு போகுமா?" ஸ்ட்ரெயிட் சிக்ஸ்ல, அதாவது ஆறு சிலிண்டரும் ஒரே வரிசைல இருக்கற இன்ஜின்ல, காத்த பிரிச்சு அனுப்பற இன்டேக் மேனிஃபோல்ட் நீளமா இருக்கும், நெறைய இன்ஜின்ல காத்து உள்ள நுழையற த்ராட்டில் பாடி ஒரு ஓரத்துல உக்காந்திருக்கும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் போற குழாய ரன்னர்னு சொல்லுவாங்க, முதல் ரன்னருக்கும் கடைசி ரன்னருக்கும் தூரமே வேற. வெறும் காத்து போறவரைக்கும் அந்த வித்தியாசம் பெருசா தெரியாது, நைட்ரஸ் உள்ள போனதும் அதே வித்தியாசம் பிஸ்டன உருக்கற வித்தியாசம் ஆயிடும். ஒரே ஒரு சிலிண்டர் லீன் ஆனா, அதாவது அதுல பெட்ரோல் தேவைய விட கொறஞ்சா போதும், மத்த அஞ்சும் நல்லா இருந்து என்ன ப்ரயோஜனம்? இதுல கொடும என்னன்னா எக்ஸாஸ்ட்ல ஒரே ஒரு வைட்பேண்ட் (காத்து-பெட்ரோல் கலவைய அளக்கற சென்சார்) வெச்சிருந்தா அது ஆறையும் கலந்து சராசரி தான் காட்டும், மீட்டர்ல எல்லாம் சூப்பரா இருக்கற மாதிரி தெரியும், உள்ள ஒண்ணு வெந்துட்டு இருக்கும்.

நைட்ரஸ் தானா எரியாது, அது பெட்ரோல் மாதிரி எரிபொருள் இல்ல. எடைல 36 சதவீதம் ஆக்சிஜன், காத்துல 23 தான், சுமார் 300 டிகிரி சூட்டுல ஒடஞ்சு அந்த ஆக்சிஜன வெளிய விடும். அதுக்கு ஏத்த பெட்ரோல நாம குடுக்கணும். அந்த பெட்ரோல் எந்த வழியா வருதுங்கறதுல தான் ட்ரையும் வெட்டும் பிரியுது.

ட்ரைல நாசில் வழியா நைட்ரஸ் மட்டும் போகும், கூட வேண்டிய பெட்ரோல காரோட சொந்த இன்ஜெக்டரே குடுக்கும், ஈசியூவ (இன்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) ட்யூன் பண்ணியோ ஃப்யூல் ப்ரெஷர ஏத்தியோ. வெட்ல நைட்ரஸும் பெட்ரோலும் ஒரே நாசில்ல சேர்ந்து இன்டேக்ல தெளிக்கும். வெட் தான் சேஃப், ட்ரை டேஞ்சர்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு, எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல. ஒவ்வொரு சிலிண்டர் வாசல்லயும் இன்ஜெக்டர் இருக்கற போர்ட் இன்ஜெக்ஷன் காரோட மேனிஃபோல்ட் காத்து போறதுக்குன்னு மட்டும் செஞ்சது. அதுல பெட்ரோல் துளிய தெளிச்சா வளைவுல காத்து திரும்பிடும், துளி திரும்பாது, நேரா போய் சுவத்துல முட்டும், கீழ தேங்கும், ஒரு சிலிண்டருக்கு கூடுதலா போகும் இன்னொண்ணுக்கு கொறச்சலா போகும். நைட்ரஸ் ஆவியாயிடறதால காத்தோட சேர்ந்து ஓரளவு ஒழுங்கா திரும்பிடும். அப்போ நைட்ரஸ் ஒரு கணக்குல, பெட்ரோல் வேற ஒரு கணக்குல. தேங்கின பெட்ரோல்ல பேக்ஃபயர் ஆச்சுன்னா ப்ளாஸ்டிக் மேனிஃபோல்ட் தெறிச்சு பானட்டுக்கு அடில கெடக்கும். ட்ரைல இந்த தொல்ல இல்ல, பெட்ரோல் ஆறு இன்ஜெக்டர்லயும் அளந்து தான் வரும்.

ஆனா ட்ரைக்கு இன்ஜெக்டர்ல இடம் இருக்கணும், இங்க தான் பல பேரு பல்பு வாங்கறாங்க. தோராயமா ஒரு கணக்கு போடலாம். 75 ஹெச்பி ஷாட்டுக்கு, அதாவது நைட்ரஸால 75 ஹெச்பி ஏத்தறதுக்கு, ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிஷத்துக்கு சுமார் 65 சிசி கூடுதலா குடுக்கணும். 200 ஹெச்பி ஸ்டாக் இன்ஜின்னா ஒவ்வொண்ணும் ஏற்கனவே 175 சிசி கிட்ட குடுத்துட்டு இருக்கும், ரெண்டும் சேர்ந்தா 240. உங்க இன்ஜெக்டரே 220 சிசி தான்னா முழுசா தொறந்து வெச்சாலும் பத்தாது. 300 சிசி போட்டா 80 சதவீத ட்யூட்டில, அதாவது 80 சதவீத நேரம் தொறந்திருந்தாலே, முடிஞ்சிடும். அப்போ ட்ரை கிட் விலை கம்மின்னு வாங்கி, இன்ஜெக்டர், ட்யூனிங்னு போட்டு கடைசில வெட்ட விட அதிகமா செலவாகி நிக்கும். ஈசியூவே லாக் ஆன கார்னா வெட் தான் வழி, வேற பேச்சு இல்ல.

வி6 வெச்சிருக்கறவங்க கொஞ்சம் குடுத்து வெச்சவங்க, ப்ளீனம் (ரன்னர் எல்லாம் பிரியற பொது காத்து அறை) குட்டையா இருக்கறதால பங்கீடு ஓரளவு சமமா வரும், மூணு மூணு சிலிண்டரா இருக்கற ரெண்டு பேங்குக்கும் தனித்தனியா வைட்பேண்ட் போட்டா பாதி குருட்டுத்தனமாவது போகும்.

வெட்லயே ஒத்த நாசிலா ப்ளேட்டா? த்ராட்டில் பாடிக்கும் மேனிஃபோல்ட்டுக்கும் நடுவுல உக்கார்ற ப்ளேட் உங்க காருக்குன்னே கிடைச்சா அதையே எடுங்க. நாசில் வெக்கற இடம் ஒரு இஞ்ச் தள்ளினா கூட பங்கீடு மாறும், ப்ளேட்ல அந்த யோசனைய வேற ஒருத்தர் பண்ணி முடிச்சிருப்பாரு.

அடுத்தது டைரக்ட் போர்ட். ஒவ்வொரு ரன்னருக்கும் ஒரு நாசில், மொத்தம் ஆறு, நைட்ரஸுக்கு ஆறு ஜெட் (எவ்ளோ போகணும்னு அளவு வெக்கற ஓட்ட போட்ட துண்டு), பெட்ரோலுக்கு ஆறு, பன்னெண்டு மெட்டல் லைன் வளைச்சு போடணும். பாக்க அவ்ளோ அழகு, அதுக்காகவே வாங்கறவங்க இருக்காங்க. பங்கீட்டு பிரச்சனைக்கு நேரான பதிலும் இது தான், ஒரு சிலிண்டர் மட்டும் லீன்னா அதோட ஜெட்ட மட்டும் மாத்திக்கலாம். ஆனா 75 ஷாட்ட ஆறா பிரிச்சா ஜெட் ஓட்ட ஊசி மொன மாதிரி ஆயிடும். ஜெட் நம்பர்ங்கறதே ஓட்டையோட விட்டம் தான், 20ன்னு போட்டிருந்தா ஒரு இஞ்ச்ல ஆயிரத்துல 20 பங்கு. ஒரு பெட்ரோல் ஜெட்ல தூசி மாட்டினா அந்த ஒரு சிலிண்டருக்கு நைட்ரஸ் வரும், பெட்ரோல் வராது, எதுக்கு பயந்து இத வாங்கினோமோ அதே வீட்டுக்குள்ள வந்து உக்காரும். அதனால 150 ஹெச்பி ஷாட்டுக்கு மேல போறவங்களுக்கு, மெட்டல் மேனிஃபோல்ட் இருக்கறவங்களுக்கு, நல்ல ஃபில்டர் போட்டு அப்பப்போ சுத்தம் பண்றவங்களுக்கு மட்டும் தான் இத சொல்லுவேன்.

சோலினாய்ட், அதாவது கரண்ட்ல தொறந்து மூடற வால்வு, புதுசு தான் வாங்கணும். நான் ஒரு தடவ பழசு வாங்கினேன், நைட்ரஸ் சோலினாய்ட் சீல் தேஞ்சு லேசா கசிஞ்சுட்டே இருந்திருக்கு, ராத்திரி பாட்டில் வால்வ மூட மறந்துட்டேன், காலைல சாவிய திருப்பின உடனே டமார்னு ஒரு சத்தம், ஏர் ஃபில்டர் பாக்ஸ் ரெண்டா பொளந்துடுச்சு. அந்த பாட்டில்ல இருந்தது கையால தொறந்து மூடற வால்வு. அதுலேர்ந்து காருக்குள்ள இருந்தே மூடற மாதிரி ரிமோட் வால்வுக்கு மாறிட்டேன், ஆடம்பரம்னு சொல்றவங்க சொல்லிட்டு போகட்டும்.

ஆன் பண்றதுக்கு பட்டன், விண்டோ ஸ்விட்ச், ப்ரோக்ரெசிவ் கன்ட்ரோலர்னு மூணு இருக்கு. வெறும் பட்டன் வேணாம், ஏன்னு கேட்டா கணக்கு சொல்லும். நைட்ரஸ் வர்ற வேகம் ஆர்பிஎம் பாத்து மாறாது, ஒரே அளவு தான். 100 ஹெச்பி ஷாட் 6000 ஆர்பிஎம்ல கூட்டற டார்க் சுமார் 120 என்எம், அதே ஷாட்ட 3000ல அழுத்தினா சுமார் 240. ஒவ்வொரு வெடிப்புக்கும் ரெண்டு மடங்கு அடி, கனெக்டிங் ராடு தாங்கணுமே. விண்டோ ஸ்விட்ச் சொன்ன ஆர்பிஎம்முக்கு கீழயும் ரெட்லைனுக்கு கொஞ்சம் முன்னாடியும் கட் பண்ணிடும், அதோட முழு த்ராட்டில்ல மட்டும் வேல செய்யற மாதிரி ஒரு ஸ்விட்சையும் சேத்துக்கணும். ப்ரோக்ரெசிவ் சோலினாய்ட விட்டு விட்டு தொறந்து மெதுவா ஏத்தும், டயர் பிடிக்காத காருக்கு நல்லது, 75 ஷாட்டுக்கு அது தேவையே இல்ல. அந்த காச ஃப்யூல் ப்ரெஷர் ஸ்விட்ச்ல போடுங்க, பெட்ரோல் ப்ரெஷர் விழுந்தா நைட்ரஸ தானா நிறுத்தற குட்டி சாமான். ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்கு பேரம் பேசறவங்க விட்டுடறது இதத்தான்.

பாட்டில் ஹீட்டர் தேவையான்னு கேட்டா, தேவை. 20 டிகிரில பாட்டில் ப்ரெஷர் சுமார் 735 பிஎஸ்ஐ, 30 டிகிரில சுமார் 915. வெட்ல பெட்ரோல் ப்ரெஷர் மாறாது, அதனால பாட்டில் குளுந்தா ரிச் (பெட்ரோல் கூடுதல்), சூடானா லீன், எந்த ஜெட் போட்டாலும் ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் ஓடாது. ப்ரெஷர பாத்து தானா நிக்கற ஹீட்டரா வாங்குங்க, சும்மா சூடாக்கிட்டே இருக்கறது வேணாம், டார்ச் நெருப்பு வெச்சு சூடு பண்றவங்க கிட்ட நின்னு வேடிக்க கூட பாக்காதீங்க.

ப்ளக் ஒரு ரேஞ்ச் குளிர்ச்சியானது, கேப் 0.8 மிமீ கிட்ட, ப்ளக் பொறி விடற டைமிங் ஒவ்வொரு 50 ஹெச்பிக்கும் 2 டிகிரி பின்னாடி, இது பொதுவான ஆரம்பப் புள்ளி, மிச்சத்த ட்யூனர் பாத்துப்பாரு. ரோட்ல ஓட்ற கார்ல இத மாட்ட உங்க ஊரு சட்டம் விடுதான்னும் பாத்துக்கோங்க, நான் பேசறது ட்ராக்ல ஓட்டறத பத்தி.

என் கைல விட்டா, ஸ்டாக் ஸ்ட்ரெயிட் சிக்ஸ், ஈசியூ ட்யூன் பண்ண முடியும், இன்ஜெக்டர் பெருசா இருக்குன்னா 75 ட்ரை. இல்லன்னா 75 வெட் ப்ளேட். அதுல ஓட்டிட்டு, முழு த்ராட்டில்ல இருந்து அப்படியே இன்ஜின ஆஃப் பண்ணி, ஆறு ப்ளக்கையும் கழட்டி சிலிண்டர் வரிசைப்படி டேபிள்ல வெச்சு பாருங்க. அஞ்சு ஒரே நெறமா இருந்து ஆறாவது மட்டும் வெள்ள வெளேர்னு இருந்தா அது லீன், 100 ஹெச்பி ஷாட்டுக்கான ஜெட்ட கவர்ல இருந்தே எடுக்காதீங்க.