ரிச்சி தெருவில் ஒரு கணினி: எடிட்டிங்குக்கும் விளையாட்டுக்கும் ஏற்ற பிராசஸரைத் தேடி

சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை தொடங்கியதும், 2024-இல் குடும்பத்தோடு ஊருக்கு வந்தேன். கும்பகோணத்தில் இருக்கும் அக்காவின் பிள்ளைகளுக்கு ஒரு கணினி வாங்கிக் கொடுப்பதென்று பொங்கல் சமயத்திலேயே தொலைபேசியில் பேசி முடிவாகியிருந்தது. அக்கா மகள் விஸ்காம் படித்துவிட்டு, உள்ளூர் ஸ்டூடியோ ஒன்று எடுக்கும் கல்யாண வீடியோக்களை வீட்டிலிருந்தே எடிட் செய்து கொடுக்கிறாள். கல்லூரியில் சேரப் போகும் அவளுடைய தம்பி, மாலை வேளைகளில் நண்பர்களோடு வேலரன்ட் என்ற கணினி விளையாட்டை விளையாடுவான். இருவருக்கும் ஒரே கணினி; மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது; மற்றவையெல்லாம் 75,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். இந்தத் தொகைக்குள் எந்தப் பிராசஸரை, அதாவது கணினியின் மூளையான சில்லை, எடுப்பது என்று தேடியதையும், சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவில் எங்களுக்குக் கிடைத்த சேவையையும், இதே எண்ணத்தோடு ஊருக்கு வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அங்குள்ள மின்னணுப் பொருள் வளாகமான சிம் லிம் ஸ்கொயரிலேயே வாங்கி எடுத்துப் போகலாமே என்று சிங்கப்பூர் நண்பர்கள் சொன்னார்கள். அங்கே ஜிஎஸ்டி 9 சதவீதம், இந்தியாவில் கணினிப் பாகங்களுக்கு 18 சதவீதம் என்பதால் அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் விமானத்தில் வருகிறவர் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரக்கூடிய பொருள்களின் மதிப்பு அப்போது 50,000 ரூபாய்தான். மடிக்கணினி ஒன்றுக்குத் தனிச் சலுகை உண்டே தவிர, மேசைக் கணினிக்குக் கிடையாது. வழியில் மதர்போர்டு பழுதானால் அதை மீண்டும் சிங்கப்பூருக்கு அனுப்பி வாங்குவது யாருக்கும் எளிதல்ல. அக்கா மகள் தன் பெயரில் உள்ள பில்லைக் காட்டித் தானே சர்வீஸ் கேட்கும்படி இருப்பதுதான் நல்லது என்று தோன்றியதால், சென்னையிலேயே வாங்கிவிட முடிவு செய்தோம். வேலை செய்யப்போகிறவள் அவள் என்பதால் அவளையும் சென்னைக்கு வரச் சொல்லியிருந்தேன்.

அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாக, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று விரியும் அந்தச் சந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. ஆகவே வார நாளில், கூட்டம் சேர்வதற்கு முன்பு போனோம்.

முதலில் நுழைந்த கடையில், எடிட்டிங் என்ற சொல் காதில் விழுந்ததுமே, “ஐ7 சிஸ்டம் இருக்கு சார், 18 ஆயிரத்துக்கே முடிச்சிடலாம், கிராபிக்ஸ் கார்டு மட்டும் பெரிசா போட்டுக்கலாம்” என்றார்கள். பெட்டியின் மேல் ஐ7 என்ற ஒட்டி பளிச்சென்று இருந்தது. உள்ளே இருந்தது ஐ7-2600. 2011-இல் வெளியான இரண்டாம் தலைமுறை பிராசஸர், நான்கு கோர் (கணக்கிடும் பகுதி), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைத் தொடர்). அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டிய கணினிகளின் பிராசஸர்களைப் புதிய மலிவு போர்டில் பொருத்தி விற்கும் வழக்கம் அங்கே பரவலாக உண்டு. கடிதம் தட்டச்சவும் பாடம் படிக்கவும் அது போதும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ எட்டாம் தலைமுறை இன்டெல்லாவது வேண்டும். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓட வேண்டுமானால் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் கட்டாயம், எச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோவைத் தானாகப் பிரித்துக் கொடுக்கும் மின்சுற்று அந்தப் பிராசஸரில் அறவே இல்லை. ஐ3, ஐ5, ஐ7 என்ற வரிசை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட மட்டுமே உதவும். 12-ஆம் தலைமுறையின் ஐ3-12100-உம் நான்கு கோர்தான் என்றாலும், அந்தப் பழைய ஐ7-ஐ எல்லா வகையிலும் விஞ்சும். கோட்டுக்கு முன்னால் உள்ள ஐ3, ஐ7 என்பதைவிட, கோட்டுக்குப் பின்னால் தலைமுறையைக் காட்டும் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதே கடையில் அடுத்ததாகச் சொன்னது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், கூடவே பிராசஸருக்குள்ளேயே அமைந்த, ஓரளவு நல்ல உள் கிராபிக்ஸ். இப்போதைக்குக் கார்டு வாங்கப் பணமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர்களுக்கு அது நல்ல தேர்வு. நாங்கள் கார்டையும் சேர்த்தே வாங்குகிறவர்கள். அந்த நிலையில் 5600ஜி-யின் 16 எம்பி கேச்சும் (பிராசஸருக்குள் உள்ள வேக நினைவகம்) கார்டை இணைக்கும் பிசிஐஇ 3.0 இணைப்பும் குறையாகவே படும். ஏறத்தாழ அதே விலைக்கு வரும் ரைசன் 5 5600-இல் கேச் 32 எம்பி, இணைப்பு பிசிஐஇ 4.0. விளையாட்டுகளில் இந்தக் கேச் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஆகவே ஒரு பக்கம் ரைசன் 5 5600, மறுபக்கம் இன்டெல் ஐ5-12400 என்று போட்டி சுருங்கியது. இரண்டும் 2022-இல் வந்தவை, இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட், இரண்டும் அதிகபட்சம் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். விளையாட்டு மட்டுமே நோக்கமென்றால் எது அன்றைக்கு மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது அக்கா மகளின் பென் டிரைவில் இருந்த வீடியோக் கோப்பு. ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்துவது சோனி ஏ7 மார்க் 4 கேமரா; அதில் எச்.265 முறையில், 10 பிட், 4:2:2 நிறத் தரத்தில் 4கே வீடியோ பதிவு செய்கிறார்கள். செல்பேசியும் சாதாரணக் கேமராக்களும் பதிவு செய்யும் 4:2:0 முறையில், நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிற மதிப்புதான் சேமிக்கப்படும். 4:2:2-இல் இரண்டு பிக்சல்களுக்கு ஒன்று. பட்டுப்புடவையின் சிவப்பும் மஞ்சளும் நிறங்களைச் சீர்செய்யும் கலர் கிரேடிங்கில் பிசிறடிக்காமல் நிற்பதற்கு இந்தக் கூடுதல் நிறத் தகவல் தேவை. ஆனால் அன்றைக்குக் கடையில் கிடைத்த என்விடியாவின் 30, 40 வரிசைக் கார்டுகளிலும் சரி, ஏ.எம்.டி. கார்டுகளிலும் ரைசனின் உள் கிராபிக்ஸிலும் சரி, எச்.265 4:2:2 வீடியோவைப் பிரித்தெடுக்கும் மின்சுற்று கிடையாது. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல் மேசைக் கணினிப் பிராசஸர்களின் உள் கிராபிக்ஸில் அது இருக்கிறது. குவிக் சிங்க் என்று அதற்குப் பெயர். இதனால்தான் 12400எஃப் என்ற மாடல் இரண்டு மூன்று ஆயிரம் ரூபாய் மலிவாகக் கிடைத்தும் அதை ஒதுக்கினோம். எஃப் என்று முடியும் மாடல்களில் உள் கிராபிக்ஸ் வேலை செய்யாது. விளையாடுகிறவருக்கு அது லாபம், இந்த வகை வீடியோவை எடிட் செய்கிறவருக்கு நஷ்டம்.

இதைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்த கடையில்தான் கடைசியில் வாங்கினோம். மாடிப்படியேறிப் போக வேண்டிய சிறிய கடை. பரிசோதனைக்கென்று அவர்கள் வைத்திருந்த கணினியில் 12400-உம் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டும் இருந்தன. அக்கா மகள் தன் கணக்கில் நுழைந்து எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவைத் திறந்து, மீடியா அமைப்புகளில் வன்பொருள் டீகோடிங்குக்கான (வீடியோவைப் பிரித்தெடுக்கும் வேலைக்கான) ‘இன்டெல்’ என்ற பெட்டியின் டிக்கை எடுத்துவிட்டு, ஒரு முகூர்த்தக் காட்சியை ஓட்டினாள். தாலி கட்டும் கை மேலெழும்போதே படம் திக்கித் திக்கி நின்றது. டாஸ்க் மேனேஜரில் சிபியூ கோடு உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது, விலை உயர்ந்த கார்டின் வீடியோ டீகோட் கட்டமோ வெறுமையாகக் கிடந்தது. பிறகு அந்த டிக்கைப் போட்டு, பிரீமியரை மூடித் திறந்து, அதே காட்சியை ஓட்டினோம். இப்போது உள் கிராபிக்ஸின் வீடியோ டீகோட் கோடு எழுந்தது, சிபியூ கோடு தணிந்தது, வீடியோத் துண்டுகளை அடுக்கும் டைம்லைனில் எந்த இடத்தைத் தொட்டாலும் படம் உடனே வந்தது. “மாமா, இது போதும்” என்றாள். பிராக்ஸி கோப்புகள் (தரம் குறைந்த சிறிய நகல்கள்) உருவாக்கி எடிட் செய்வது என்ற மாற்று வழி எப்போதும் உண்டுதான். ஆனால் 50 பிரேமில் 200 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிவான வீடியோ மணிக்கு ஏறத்தாழ 90 ஜிபி ஆகிறது, ஒரு கல்யாணத்துக்குப் பல மணி நேரப் பதிவு வருகிறது. அத்தனைக்கும் பிராக்ஸி எடுத்து முடிப்பதற்குள் ஓர் இரவு போய்விடும்.

ரைசன் 5 7600-ஐயும் நேர்மையாக எடைபோட்டுப் பார்த்தோம். அதைப் போர்டில் பொருத்தும் ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்குப் பின்னும் ஆதரவு தருவதாக ஏ.எம்.டி. அந்த மாதம்தான் அறிவித்திருந்தது, 12400-இன் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிடுகிறது. விளையாட்டிலும் 7600 தெளிவாக முந்தும். ஆனால் பிராசஸர், போர்டு, டிடிஆர்5 ராம் மூன்றும் சேர்ந்து ஏற்றும் தொகையைக் கார்டிலிருந்தோ ராமிலிருந்தோதான் பிடிக்க வேண்டியிருந்தது. 16 ஜிபி ராமோடு புதிய பிராசஸரா, 32 ஜிபி ராமோடு இரண்டு வருடப் பழைய பிராசஸரா என்றால், எடிட்டிங் செய்கிறவருக்கு இரண்டாவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஐ5-13400-இல் நான்கு சிறிய கோர்கள் கூடுதலாக உண்டு. முடித்த வீடியோவைக் கோப்பாக்கும் எக்ஸ்போர்ட் நேரம் குறையும், டைம்லைன் அனுபவம் பெரிதாக மாறாது என்பதால் விட்டுவிட்டோம்.

போர்டில் மட்டும் கடைக்காரர் பேச்சைக் கேட்டோம். நான் எச்610 போர்டு போதும் என்று நினைத்திருந்தேன்; அதில் ராம் செருக இரண்டே இடங்கள் என்பதையும், கோப்புகள் பெருகும்போது சேமிப்புக்கு இரண்டாவது எம்.2 எஸ்.எஸ்.டி. தேவைப்படும் என்பதையும் காட்டி, டிடிஆர்4 ராமை ஏற்கும் பி760 போர்டைச் சொன்னார். அதிக விலையுள்ள பொருளைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று தோன்றவில்லை, ஏனென்றால் அதே மூச்சில் நான் கேட்ட விலை உயர்ந்த கேபினெட் வேண்டாம் என்று தடுத்தவரும் அவர்தான். கார்டாக 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்.டி.எக்ஸ். 3060 எடுத்தோம்; வேலரன்ட்டுக்கு அது தேவைக்கும் அதிகம், இரைச்சல் நீக்கம் போன்ற எபெக்ட்களுக்கு அந்த நினைவகம் உதவும்.

பில் விஷயத்தில் முதல் கடைக்கும் இந்தக் கடைக்கும் இருந்த வித்தியாசத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முன்னதில் பில் இல்லாத விலை ஒன்று, பில்லோடு வேறொன்று என்றார்கள். பிராசஸரும் பாக்ஸ் இல்லாத டிரே பீஸ். டிரே பீஸுக்குக் கடைக்காரர் வாய்ச்சொல்லே உத்தரவாதம். பாக்ஸ் பீஸுக்கு இன்டெல்லின் மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு, கூலரும் உடன் வரும். இங்கே பெட்டியின் முத்திரையை எங்கள் கண் முன்னால் கிழித்தார்கள். பெட்டியின் லேபிளில் உள்ள எஃப்.பி.ஓ. என்ற தயாரிப்புத் தொகுதி எண்ணையும் பிராசஸரின் உலோக மூடியில் பொறித்திருந்த எண்ணையும் கடையில் வேலை செய்த தம்பி வாய்விட்டுப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் அக்கா மகளின் பெயரில் போட்ட பில்லில் ஏறியது.

கும்பகோணத்தில் அந்த அறைக்கு ஏசி இல்லை என்று சொன்னதும், உடன் வந்த கூலரை உபரியாக வைத்துக்கொள்ளச் சொல்லி, சுமார் 1,500 ரூபாயில் ஒரு டவர் கூலரைப் பொருத்தினார்கள். 65 வாட் பிராசஸர் என்று எழுதியிருந்தாலும் முழு வேகத்தில் 12400 எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 117 வாட் வரை போகலாம். மே மாத வெயிலில் எக்ஸ்போர்ட் ஓடும்போது அது தெரியும். கார்டுக்கு 170 வாட். வீட்டில் இருந்த 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும் என்பதால், ஊரிலேயே 1 கேவிஏ யூபிஎஸ் ஒன்று வாங்கிக்கொண்டோம். எழும்பூரிலிருந்து இரவு ரயிலில் எடுத்துப் போவதாகச் சொன்னபோது, கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்து, திரும்ப மாட்டும் முறையை அவள் கையாலேயே ஒருமுறை செய்ய வைத்து அனுப்பினார்கள். இதற்கெல்லாம் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

நாங்கள் சிங்கப்பூர் திரும்பிய பின், ஆகஸ்டில் ஒரு நாள் டைம்லைன் மறுபடியும் திக்குவதாக அக்கா மகள் தகவல் அனுப்பினாள். எனக்கு முன்பே அவள் கடைக்குப் பேசியிருந்தாள். மின்சாரம் போய் வந்ததில் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, தனிக் கார்டு இருக்கும்போது உள் கிராபிக்ஸ் அணைந்துவிடும்படி ஆகியிருந்தது. எண்களைப் படித்துக் காட்டிய அதே கடைத் தம்பி வீடியோ அழைப்பில் திரையைப் பார்த்து, ஐஜிபியூ மல்டி மானிட்டர் என்ற அமைப்பை மீண்டும் இயக்கச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் இரண்டு ஜிபியூவும் (உள் கிராபிக்ஸும் கார்டும்) தெரிகிற வரை இணைப்பிலேயே இருந்திருக்கிறார். அன்று மாலையே அவள் அந்த வாரத்து ரிசப்ஷன் வீடியோவை முடித்துக் கொடுத்துவிட்டாள்.