நான்கு ஜெர்சி, ஒரு பையன்

பெர்த்தில் இருக்கும் என் தம்பி மகனுக்கு வயது 17, கால்பந்து ஆடுகிறான். தம்பி கோலாலம்பூரின் செந்தூலில் பிறந்து வளர்ந்தவன். ஆஸ்திரேலியாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கினானே தவிர, மலேசியப் பாஸ்போர்ட்டை விடவில்லை. மகன் பிறந்ததும் அங்குள்ள நம் தூதரகத்தில் பதிவும் செய்துவிட்டான். தம்பி மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். எங்கள் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பிறந்த மண், பெற்றோர் பிறந்த மண், தாத்தா பாட்டி பிறந்த மண் என்று ஃபிஃபா பார்க்கிற கணக்கில், பையனுக்கு நான்கு ஜெர்சி பொருந்தும்.

விடுமுறைக்குக் கோலாலம்பூர் வந்தவன், பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் கேட்டுவிட்டான்: "பெரியப்பா, எந்த நாட்டுக்கு ஆடுனா நல்லது?"

ஆடத் தகுதி வேறு, குடியுரிமை வேறு. தாத்தா பிறந்த ஊர் ஃபிஃபாவுக்குப் போதும். ஆனால் அந்த நாட்டுக் குடியுரிமை கையில் இல்லாமல் ஜெர்சி கிடைக்காது. பல வீட்டுக் கனவுகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கின்றன.

இந்தியாவை முதலிலேயே ஓரம் வைத்தோம். அங்கே இரட்டைக் குடியுரிமை இல்லை. வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் தேசிய அணிக்கு ஆட முடியாது, இந்தியப் பாஸ்போர்ட்டே வேண்டும். ஜப்பானில் பிறந்த அராத்தா இசுமி அந்த நாட்டுக் குடியுரிமையைத் துறந்துதான் 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். பெங்களூரு எஃப்சியின் ரயன் வில்லியம்ஸ் 2025இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டார். அவர் 2019இல் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு நட்பு ஆட்டம் ஆடியவர். நட்பு ஆட்டம் ஆளைக் கட்டிப்போடாது என்பதற்கு நல்ல உதாரணம். ஆனால் முப்பதைத் தாண்டியவர் எடுக்கும் முடிவும் 17 வயதுப் பையன் எடுக்கும் முடிவும் ஒன்றல்ல.

இலங்கை கொஞ்சம் யோசிக்க வைத்தது. இரட்டைக் குடியுரிமையை அந்த நாடு அனுமதிக்கிறது, ஆஸ்திரேலியாவும் அனுமதிக்கிறது. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளை அணிக்குள் கொண்டுவருவதில் அவர்களுக்கு ஆர்வமும் இருக்கிறது. ஜெர்மனியில் வளர்ந்த கிளாவ்டியோ காமர்க்நெக்ட் முதல் சுவீடன் தமிழர் ஆதவன் ராஜமோகன் வரை ஆடியிருக்கிறார்கள். பதினெட்டு வயதிலேயே சர்வதேச ஆட்டம் கிடைக்க வாய்ப்புள்ள ஒரே இடமும் அதுதான். அம்மாவுக்கும் ஆசை. ஆனால் 2023 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை ஃபிஃபா அந்தச் சங்கத்தையே இடைநீக்கம் செய்து வைத்திருந்தது. அப்படிப்பட்ட ஏழு மாதம் இளம் ஆட்டக்காரனின் வாழ்க்கையில் சிறிய ஓட்டை இல்லை. இன்னொரு சிக்கலை அவன் அம்மாகூட யோசிக்கவில்லை. கொழும்பில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் அடிபடுவது ஆஸ்திரேலியா அல்ல, மலேசியா.

காரணம் நம் அரசமைப்பின் 24ஆம் பிரிவு. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக நாடிப் பெற்றாலும், அந்நாட்டுக் குடிமகனுக்கே உரிய சலுகையை அனுபவித்தாலும், மலேசியக் குடியுரிமையைப் பறிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. பையன் இப்போது ஆஸ்திரேலியா, மலேசியா இரண்டின் குடியுரிமையையும் வைத்திருப்பது பிறப்பால் வந்தது. எத்தனை நாளைக்கு இந்தக் கண்ணாமூச்சி என்பது வேறு விஷயம்.

இனி மலேசியா. நான் இங்கேதான் சாய்ந்தேன், ஆனால் தேசப்பற்றால் அல்ல.

வம்சாவளி ஆட்டக்காரர்கள் நமக்குப் புதிதல்ல. சிட்னிக்காரர் பிரெண்டன் கான், அதே பெர்த்திலிருந்து வந்த மேத்யூ டேவிஸ் இருவருக்கும் இங்கே நல்ல பெயர். இருந்தாலும் நான் பையனுக்குக் காட்டியது டியோன் கூல்ஸை. கூச்சிங்கில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்தவர், பெல்ஜியம் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடியவர், 2021இல் ஹரிமாவ் மலாயாவுக்கு, அதாவது மலேசியத் தேசிய அணிக்கு வந்தார். பிறகு தாய்லாந்தின் புரிராம், அங்கிருந்து 2025இல் ஜப்பானின் செரேசோ ஒசாகா. ஜே லீக்கில் மலேசியா பங்காளி நாடு என்பதால் மலேசியர் வெளிநாட்டவர் கணக்கில் சேர மாட்டார். ஆஸ்திரேலியருக்கு அந்தச் சலுகை இல்லை. நீல ஐசிக்கு (மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை) ஒசாகாவில் இவ்வளவு மதிப்பா என்று பையன் வாயைப் பிளந்தான்.

உள்ளூர் லீக்கைப் பற்றி மட்டும் நான் பெருமையாகப் பேச மாட்டேன். 2014 முதல் ஜேடிதி என்ற ஜொகூர் அணிதான் சாம்பியன். கெடா, பேராக், ஸ்ரீ பகாங் என்ற பழைய பெயர்கள் 2025-26 பருவத்தில் லீக்கிலேயே இல்லை. சம்பள பாக்கிக் கதைகளுக்குக் குறைவே கிடையாது. வெளிநாட்டவர் எண்ணிக்கையை வேறு தாராளமாக்கிவிட்டார்கள். உள்ளூர்க்காரன் என்ற இடத்துக்கு முன்பிருந்த கிராக்கி இப்போது இல்லை.

அப்புறம் அந்த ஏழு பேர் விவகாரம். 2025 ஜூன் 10 அன்று புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று வென்றபோது ஊரே ஆடியது, நானும்தான். செப்டம்பரில் ஃபிஃபா, ஆவணங்கள் போலி என்று, வம்சாவளியைக் காட்டி நீல ஐசி கொடுத்து அணியில் சேர்த்த ஏழு ஆட்டக்காரர்களுக்கு 12 மாதத் தடையும் மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்ததாக எழுதப்பட்டிருந்த தாத்தா பாட்டிகள் அர்ஜென்டினாவிலும் ஸ்பெயினிலும் பிறந்தவர்கள் என்றது தீர்ப்பு. இந்த மண்ணிலேயே பிறந்து, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசியை வைத்துக்கொண்டு நீலத்துக்காக அலுவலகப் படியேறியே கிழவியான எத்தனை பேரை எங்கள் செந்தூலிலேயே காட்ட முடியும்! சில மாதத்தில் நீல ஐசி தர முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இதனால் பையனுக்குப் பாதிப்பு உண்டா? இனி வரும் எந்த வம்சாவளிப் பையனின் காகிதத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். தம்பியின் பிறப்புப் பத்திரம் கோலாலம்பூரில் பதிவானது, அசல் இருக்கிறது.

மிச்சம் ஆஸ்திரேலியா. தரத்தில் நான்கிலும் மேல், 2015இல் ஆசியக் கிண்ணம் வென்ற அணி. எந்தப் பாஸ்போர்ட்டையும் தேடிப் போக வேண்டாம். ஆனால் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அங்கே இளையோர் அணிக்கு ஆடினாலும் கதவு மூடாது. 2020இல் திருத்திய விதிப்படி, 21 வயதுக்கு முன் மூன்றுக்கு மேற்படாத மூத்தோர் போட்டி ஆட்டங்கள் மட்டுமே ஆடியிருந்து, கடைசி ஆட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டு கடந்திருந்தால் மாறலாம். உலகக் கிண்ண இறுதிச் சுற்றிலோ கண்டக் கிண்ண இறுதிச் சுற்றிலோ ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருந்தாலும் மாற முடியாது.

நான் சொன்னது இதுதான்: 21 வரை பெர்த்திலேயே ஆடு, இளையோர் அணி கூப்பிட்டால் போ, கொழும்பு விண்ணப்பத்தில் மட்டும் இப்போது கையெழுத்துப் போடாதே. ஃபிஃபா கட்டுவதை ஃபிஃபாவே அவிழ்க்கும். பாஸ்போர்ட் போனால் போனதுதான். அவன் அப்பாவுக்கு இதில் சம்மதமில்லை. நாளைக்கு மலேசியாவுக்கு ஆடுவதற்காக ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை விடுவதா என்று போனிலேயே கத்தினான். அவன் பயமும் நியாயம்தான், முழங்கால் போய்விட்டால் அந்தப் பாஸ்போர்ட்தானே சோறு போடும்?

பையன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பயிற்சியாளர் தன்னை இந்தப் பருவத்தில் விங்கிலிருந்து பின்னால் இழுத்து இடது பேக்காக ஆட வைக்கிறார் என்றான், கொஞ்சம் வருத்தமாக. எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. நம் அணியில் அந்த இடத்தில் பல ஆண்டு ஆடிய லாவேர் கார்பின்-ஓங் 1991இல் பிறந்தவர். இன்னொரு தே தாரேக் சொன்னேன்.