ஓடிப் பிடிக்கும் நாய்க்குக் கவசம்: ஆறு குளிர்காலங்கள், மூன்று உடைகள்

எங்கள் பன்றி வேட்டை நாய் செவலையின் கழுத்தில் இடப்பக்கமாக ஒரு விரல் நீளத்துக்கு முடி முளைக்காத தழும்பு இருக்கிறது. தடவிக்கொடுக்கும்போதெல்லாம் என் கை அங்கே நின்றுவிடும். 2020 ஜனவரியில் பட்ட வெட்டு அது. அப்போது அவள் கவசம் அணிந்திருந்தாள். நல்ல துணி என்று நம்பி, நல்ல விலை கொடுத்து வாங்கி, நானே மாட்டிவிட்ட கவசம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், நவசோட்டாவுக்கு அருகே, பிரேசாஸ் ஆற்றுப் படுகையில். மக்காச்சோளமும் வைக்கோல் புல்லும் விளையும் மண். இரவில் ஒரு பன்றிக் கூட்டம் புகுந்தால், விடியும்போது வயல் ஏர் ஓட்டியதுபோலக் கிடக்கும். இந்தப் பன்றிகள் இம்மண்ணுக்கு உரியவை அல்ல. ஸ்பானியர்கள் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிகளும், பிற்காலத்தில் வேட்டைக்காக இறக்கிய ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் கலந்து பெருகியவை. 2019 செப்டம்பர் முதல், நில உரிமையாளரின் அனுமதி இருந்தால் தனியார் நிலத்தில் இவற்றை வேட்டையாட உரிமம்கூடத் தேவையில்லை. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. ராஜபாளையம் நாய் ஒரு காலத்தில் பன்றி வேட்டைக்குப் பேர்போனதுதான். ஆனாலும் அங்கே நாயை ஏவிப் பன்றி வேட்டையாடுவது குற்றம்.

கவசம் தேடுவதற்கு முன் உங்கள் நாய் செய்யும் வேலை எது என்று பாருங்கள். மோப்பம் பிடித்துப் போய், பன்றியை மறித்து நின்று குரைப்பவை ஒரு வகை. பிளாக் மவுத் கர், கேட்டஹூலா போன்றவை. அந்தக் குரைப்பு கேட்ட பிறகு வாரை அவிழ்த்து விடப்படுவது பிடி நாய். பெரும்பாலும் அமெரிக்கன் புல்டாக் அல்லது பிட்புல். இன்னொரு வகை இருக்கிறது. தானே கண்டு, தானே துரத்தி, தானே காதைக் கவ்வி நிறுத்தும். கிரேஹவுண்ட் ரத்தம் கலந்த செவலையும் எங்கள் இன்னொரு நாய் வீரனும் அப்படி ஓடிப் பிடிப்பவர்கள். புல்டாக் தன் கவசத்தோடு நூறு மீட்டர் ஓடினால் பெரிது. செவலை ஒரு மைல் ஓடிய பிறகுதான் பன்றியை நெருங்குவாள். நான் தேடிய காலத்தில் கண்ணில் பட்ட கவசங்கள் எல்லாம் அந்த நூறு மீட்டருக்காகத் தைத்தவை. இது புரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதல் கவசம் 2018இல் வாங்கினேன். மூன்று அடுக்கு நைலான், நெஞ்சில் தடித்த பலகைபோல ஒரு பட்டை, வால்வரை நீளும் முதுகு மறைப்பு. தராசில் 2.1 கிலோ. கையில் எடுத்தபோது இனிப் பயமில்லை என்று தோன்றியது. அக்டோபர் மாலை ஒன்றில் ஓடையைத் தாண்டித் துரத்திப்போனவள் திரும்பி வரவில்லை. ஜி.பி.எஸ். புள்ளி ஒரே இடத்தில் நின்றது. போய்ப் பார்த்தால் பன்றியே இல்லை. புல்லில் படுத்திருக்கிறாள், ஈறுகள் செங்கல் நிறம், கூப்பிட்டால் கண்கூடத் திரும்பவில்லை. வெப்பமானி 41 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காட்டியது. நாய்க்கு இயல்பு 38லிருந்து 39 சொச்சம்தான். கவசத்தைக் கழற்றி, வண்டியில் இருந்த தண்ணீரையெல்லாம் வயிற்றிலும் தொடையிலும் ஊற்றி, குளிர்காற்றைத் திறந்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். பிழைத்தாள். நனைந்த கவசத்தை மறுநாள் நிறுத்துப் பார்த்தேன்: 3.3 கிலோ. அவள் எடையோ 27 கிலோ.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. சூட்டை வெளியேற்ற அதற்கு இருப்பது மூச்சிரைப்புதான். முடி குறைந்த வயிறும் அக்குளும் கொஞ்சம் உதவும். அந்த இரண்டையும் மூடிக் கட்டிவிட்டு ஓடச் சொன்னால் அது ஓடும், நிற்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. எங்கள் வேட்டையில் பன்றியின் கொம்புக்கு, அதாவது வாயிலிருந்து வெளியே நீளும் அதன் கோரைப்பல்லுக்கு, இணையாக நான் அஞ்சுவது இந்தச் சூட்டைத்தான்.

அந்த அச்சத்தில் மறுபக்கம் சாய்ந்தேன். 2019இல் வாங்கிய இரண்டாவது கவசம் 800 கிராம். முதுகு முழுக்க வலைத்துணி, நெஞ்சில் மட்டும் வெட்டுத் தாங்கும் செயற்கை இழையான கெவ்லார், கழுத்துக்குத் தனியாக நான்கு அங்குலப் பட்டை. அவள் அதை அணிந்து ஓடியதைப் பார்க்க அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. ஜனவரியில் அந்த ஆண் பன்றி கிடைத்தது.

ஆண் பன்றியின் கீழ்க்கொம்பு மேல்கொம்போடு உரசி உரசித் தன்னைத்தானே தீட்டிக்கொள்ளும். கடிப்பதைவிட, தலையைத் தாழ்த்தி மேல்நோக்கி வீசிக் கிழிக்கும். காதைக் கவ்விய நாய் பன்றியின் கன்னத்தோடு ஒட்டி நிற்பதால், அந்த வீச்சு போய்ச் சேரும் இடம் கழுத்தும் நெஞ்சின் முன்பகுதியும். செவலை பிடித்ததும் பின்னால் சாய்ந்து, தலை தாழ்த்தி, கழுத்தை நீட்டி இழுத்தாள். கழுத்துப்பட்டை காதுப்பக்கம் ஏறியது. கவசம் தோள்பக்கம் இறங்கியது. நடுவில் மூன்று விரல் அகலத்துக்குத் தோல் வெளியே தெரிந்தது. கொம்பு அங்கேதான் நுழைந்தது. பதினான்கு தையல். பெரிய ரத்தக்குழாய் தப்பியது தன் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல என்று மருத்துவர் சொன்னார்.

கெவ்லாரில் ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு நான் கவசத்தைப் பார்க்கும் முறையே மாறிவிட்டது. அளவு எடுக்கும்போது எல்லோரும் நாயை நிமிர்ந்து நிற்கவைத்து எடுக்கிறார்கள். பிடிக்கும்போது அது அப்படியா நிற்கிறது? கவசத்தை மாட்டி, தரையில் தண்ணீர்த் தட்டை வைத்துக் குடிக்கவிடுங்கள். பிறகு கயிற்றுத் துண்டைக் கவ்வச் சொல்லி எதிர்ப்பக்கம் இழுங்கள். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு விரல் நுழைந்தாலும் அந்தக் கவசம் வேண்டாம். கழுத்தும் நெஞ்சும் ஒரே துண்டாக, இடையில் மடிப்போடு தைத்ததாக இருக்க வேண்டும். அடுத்து முன்காலைப் பிடித்து முழு வீச்சுக்கு முன்னும் பின்னும் நீட்டிப் பாருங்கள். அக்குளில் ஓரம் உரசினால் இரண்டாம் மைலில் தோல் உரிந்துவிடும். ஆண் நாயாக இருந்தால் வயிற்றுத் துண்டு குறிக்கு நன்றாக முன்னாலேயே முடிய வேண்டும். வீரனுக்கு அதைக் கவனிக்காமல் விட்டு, சிறுநீர் ஊறி வந்த புண்ணை ஆற்ற ஒரு மாதம் ஆனது.

துணியைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். ஆகவே 1680 டெனியர் நைலான் தடித்த நூல், 1000 டெனியர் அதைவிட மெல்லியது, அவ்வளவே. கெவ்லார் வெட்டுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். ஆனால் நெசவு நெருக்கமாக இல்லாவிட்டால் கூர்முனை இழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். கெவ்லார் தனியாக இருப்பதைவிட, மேலே நெருக்கமான நைலான், உள்ளே கெவ்லார் என்று இருப்பதே என் தேர்வு.

மூன்றாவது கவசத்தை 2020 நவம்பரில் அளவு கொடுத்துத் தைத்து வாங்கினேன். 1.1 கிலோ. கழுத்து, நெஞ்சு, விலாவின் கீழ்ப்பாதி வரை இரண்டு அடுக்கு. முதுகு பட்டைகள் மட்டும், திறந்தே இருக்கும். பன்றி கீழிருந்து மேலே வெட்டுகிறது, முதுகில் வெட்டுவது அரிது. முதுகை விட்டுக்கொடுத்து மூச்சுக்கு இடம் வாங்கியது எனக்குச் சரியாகவே பட்டது, இன்றும் படுகிறது. நான்கு குளிர்காலங்களில் அதில் பதினோரு வெட்டுத்தடங்களை எண்ணியிருக்கிறேன். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. பின்னந்தொடையிலும் முன்காலிலும் இரண்டு நாய்களும் தையல் போட்டுக்கொண்டார்கள். அங்கே எந்தக் கவசமும் இல்லை.

குறைகளும் உண்டு. வெல்க்ரோ முதல் ஆண்டிலேயே சேறும் ஒட்டுமுள்ளும் ஏறிப் பிடிப்பை இழந்தது. அதைப் பிரித்துவிட்டு உலோகக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டேன். வாங்கும்போதே கொக்கி கேளுங்கள். அக்குள் ஓரத் தையல் மூன்றாம் ஆண்டில் விட்டது. ஜி.பி.எஸ். பட்டையைக் கவசத்துக்கு வெளியே, ஆன்டெனா நிமிர்ந்து நிற்கும்படி கட்ட வேண்டும். உள்ளே மடங்கினால் புள்ளி காட்டாது. துவைப்பதற்குச் சாதாரண சோப்பும் குழாய்த் தண்ணீரும் போதும். வெளுப்புத் திரவம் கெவ்லாரைக் கெடுக்கும், வெயிலும் கெடுக்கும். நிழலில்தான் உலர்த்துகிறேன்.

கவசம் மாட்டினாலும் செப்டம்பரில் நாங்கள் போவதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, விடியற்காலையில் மட்டும். பிடித்த இடத்துக்கு நாம் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறோமோ அவ்வளவுக்கு வெட்டு குறையும். அதற்காக நானும் ஓடப் பழகினேன். பன்றியின் பச்சை இறைச்சியை நாய்களுக்குக் கொடுப்பதே இல்லை. அதிலிருந்து வரும் போலி ரேபிஸ் என்ற வைரஸ் நோய் நாய்க்கு வந்தால் பிழைப்பது அரிது.

செவலை இப்போது ஓடுவதில்லை. வீரனின் மகள் கறுப்பிக்குப் பத்து மாதம் ஆகிறது. அவளுக்கு அளவு எடுத்து அனுப்பச் சொல்லித் தைப்பவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நெஞ்சு இன்னும் அகன்றுகொண்டிருக்கிறது; ஒன்றரை வயது ஆகாமல் எடுக்கப்போவதில்லை. இந்தக் குளிர்காலம் அவள் வீட்டில்தான் இருப்பாள்.