லிஃப்ட் கம்பிவடத்துக்கு எண்ணெய்: தூரிகையா, சொட்டுக்கலமா, தெளிப்பானா?

லிஃப்ட் கூண்டைத் தாங்கும் கம்பிவடத்திடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளை நாம் எதிர்பார்க்கிறோம். அதன் உள்ளே இருக்கும் கம்பிகள் ஒன்றோடொன்று தடையில்லாமல் வழுக்கிக்கொடுக்க வேண்டும்; அதன் வெளிப்புறமோ இழுவைக் கப்பியின் பள்ளத்தில் கொஞ்சமும் வழுக்காமல் பற்றி நிற்க வேண்டும். உள்ளே எண்ணெய் வற்றினால் வடம் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். வெளியே எண்ணெய் மிகுந்தால் கூண்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஆகவே, எந்த எண்ணெயையும் எந்த முறையையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறேன்: இட்ட எண்ணெய் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது?

வடத்தின் குறுக்குவெட்டைப் பார்த்தால் இது விளங்கும். லிஃப்டுகளில் பரவலாகப் பயன்படும் 8×19 சீல் வகை வடத்தில் எட்டுப் புரிகள், புரிக்கு 19 கம்பிகள், ஆக 152 எஃகுக் கம்பிகள் இருக்கின்றன. நடுவே சைசல் நாரால் முறுக்கிய நாடி ஒன்று ஓடுகிறது. வடம் கப்பியில் ஏறும்போது வளைகிறது, விட்டு இறங்கும்போது நிமிர்கிறது. ஒவ்வொரு வளைவிலும் அண்டைக் கம்பிகள் மயிரிழை அளவு நகர்ந்துகொள்கின்றன. அந்த வளைவு கடுமையாகிவிடக் கூடாது என்பதற்காகவே ஐரோப்பிய விதியான இ.என். 81-20, கப்பியின் விட்டம் வடத்தின் விட்டத்தைப் போல் குறைந்தது 40 மடங்கு இருக்க வேண்டும் என்கிறது. 10 மில்லிமீட்டர் வடத்துக்கு 400 மில்லிமீட்டர் கப்பி. வளையும் நேரத்தில் புரிகள் நாடியை நெரிக்க, நார் உறிஞ்சி வைத்திருக்கும் எண்ணெய் கசிந்து கம்பிகளுக்கிடையே பரவுகிறது. வடத்தை முறுக்கும்போதே ஆலையில் இட்ட இந்த எண்ணெய்தான் அதன் தொடக்கக் கைம்முதல். அது கரையத் தொடங்கிய பிறகே பராமரிப்பவரின் தேர்வுகள் வருகின்றன.

முதல் தேர்வு, எண்ணெயே இடாமல் விட்டுவிடுவது. வழுக்கிவிடும் என்ற அச்சத்தில் பல இடங்களில் இதைத்தான் செய்கிறார்கள். அந்த அச்சம் அடிப்படையற்றதன்று. கூண்டின் பக்கமும், அதைச் சமன்செய்ய வடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிரெடையின் பக்கமும் உள்ள இழுவிசைகள் எவ்வளவு வேறுபடலாம் என்பதை, வடத்துக்கும் பள்ளத்துக்கும் இடையிலான உராய்வும் வடம் கப்பியைச் சுற்றியிருக்கும் கோணமும்தான் தீர்மானிக்கின்றன. ஆனால் இ.என். 81-50 விதி, கூண்டில் பாரம் ஏற்றும் நிலைக்கு உராய்வு எண்ணை 0.1 என்றுதான் எடுத்துக்கொள்கிறது. உலர்ந்த எஃகு எஃகின்மேல் உரசும்போது கிடைக்கும் எண்ணைவிட இது மிகக் குறைவு. அதாவது, வடத்தின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தாலும் லிஃப்ட் பற்றி நிற்கும்படிதான் கணக்கே போடப்பட்டிருக்கிறது. எண்ணெயைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதன் அளவைக் கண்டுதான் அஞ்ச வேண்டும்.

எண்ணெய் காணாத வடம் தன் நிலையைத் தானே காட்டிவிடும். புரிகளுக்கு இடையிலான பள்ளங்களில் செங்கல் பொடி போன்ற நுண்ணிய தூள் படியும். விரலால் தடவினால் பிசுக்கு எதுவும் இல்லாமல் வறண்ட செம்பழுப்பு நிறம் ஒட்டும். ஈரத்தால் வெளியே பிடித்த துரு என்று இதைத் துடைத்துவிடுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தேய்த்து உதிர்த்த இரும்புத்துகள் காற்றுப்பட்டு ஆக்சைடாகி வெளியே வந்த தூள் அது. வறண்ட நாடியும் சுருங்குவதால் வடத்தின் விட்டம் குறைகிறது. இந்நிலைக்கு வந்த வடத்துக்கு எண்ணெய் இடுவது தேய்வைச் சற்றுத் தாமதப்படுத்துமே தவிர, இழந்த எஃகைத் திருப்பித் தராது. அமெரிக்காவின் ஏ.எஸ்.எம்.இ. ஏ17.6 விதிநூலும் செந்தூள் படிந்த வடத்தில் எத்தனை கம்பிகள் அறுந்திருக்கலாம் என்ற வரம்பை, மற்ற வடங்களைவிடக் கடுமையாகவே வைத்திருக்கிறது.

இதற்கு நேர் எதிர்த்துருவம், தாங்கிகளுக்கு இடும் கெட்டியான கிரீஸை வடத்தில் பூசுவது. இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை: கூடவே கூடாது. கிரீஸ் புரிகளுக்குள் இறங்குவதில்லை. மேலே தோல்போல் நின்று தூசியைப் பிடித்து அரைப்புச் சாந்தாகிறது, அறுந்த கம்பிமுனைகளை மூடி ஆய்வாளரின் கண்ணிலிருந்து மறைக்கிறது. இப்படிப் பூசப்பட்ட ஒரு லிஃப்டை நான் பார்த்திருக்கிறேன். பாரம் நிறைந்து கீழிறங்கும்போதெல்லாம் கூண்டு தளமட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழே போய் நின்றது. கட்டுப்பாட்டுப் பெட்டியில்தான் கோளாறு என்று நாள்கணக்கில் தேடினார்கள். கப்பியின் ஓரத்திலும் வடத்தின் மேலும் குறுக்காக ஒரே நேர்கோட்டில் சுண்ணக்கோடு போட்டு, கூண்டை மேலே அனுப்பித் திரும்ப அழைத்தபோது, கோடுகள் இரண்டும் விலகி நின்றன. வடம் வழுக்கிக்கொண்டிருந்தது. கரைப்பான் ஊற்றிக் கழுவவும் வழியில்லை. கழுவினால் அது உள்ளே இறங்கி நாடியில் மிஞ்சிய எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். உலர்ந்த துணியாலும் தூரிகையாலும் முழம் முழமாகத் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. கிராஃபைட், மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற வழுக்குப்பொடி கலந்த எண்ணெய்களையும், உலோகத்துகளும் அமிலமும் கலந்த பழைய எஞ்சின் எண்ணெயையும் இதே காரணங்களுக்காக ஒதுக்க வேண்டும்.

மிஞ்சுவது, லிஃப்ட் வடத்துக்கென்றே தயாரிக்கப்படும் மெல்லிய ஊடுருவும் எண்ணெய். உண்மையான போட்டி அதை எப்படி இடுவது என்பதில்தான் இருக்கிறது.

அழுத்தக் குப்பியிலிருந்து தெளிப்பது விரைவானது. கையெட்டாத இடத்திலும் படும். ஆனால் தெளித்த பனித்துளி வடத்தோடு நிற்பதில்லை. அருகிலேயே பிரேக் இருக்கிறது, தரை இருக்கிறது. பிரேக் பரப்பில் எண்ணெய் படிவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. குப்பியில் கலந்திருக்கும் கரைப்பான் ஆவியான பிறகு மிஞ்சும் எண்ணெய் எவ்வளவு என்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேறு வழியே இல்லாத குறுகலான அமைப்புகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

சொட்டுக்கலம் கவனமாகப் பார்க்க வேண்டிய போட்டியாளர். சிறிய தொட்டி ஒன்றிலிருந்து எண்ணெய் கம்பளித் திரிகளுக்கு இறங்க, திரிகள் ஓடும் வடங்களை மெல்ல வருடியபடி இருக்கும். நாளெல்லாம் ஓயாமல் ஓடும் உயரமான கட்டடத்து லிஃப்டில் இதன் நன்மை தெளிவானது: ஒரே நாளில் மொத்தமாக இட்டு வழுக்கவிட்டு, பிறகு மாதக்கணக்கில் காயவிடும் ஏற்றத்தாழ்வு இல்லாமல், சிறுகச் சிறுக எண்ணெய் போய்ச் சேருகிறது. ஆனால் இதன் குறைகள் அமைதியானவை. நாளடைவில் தூசி படிந்து திரியின் முகம் கண்ணாடிபோல் இறுகிவிட்டால், தொட்டி நிறைந்திருக்கும், வடம் காய்ந்திருக்கும். லிஃப்ட் நெடுநேரம் நின்றால் திரி தொடும் ஒரே இடத்தில் எண்ணெய் ஊறி ஓர் ஈரத்திட்டு உண்டாகும். இவற்றைவிட எனக்குக் கவலை தருவது, ஐந்து வடங்களில் ஒன்றுக்கு மட்டும் திரி சரியாகப் படாமல் போவது. அந்த வடம் மற்றவற்றோடு ஒத்துச் செல்லாமல் வேறு பிடிமானத்தோடு ஓடத் தொடங்கும். இழுவிசைப் பங்கீடு குலையும். பள்ளங்கள் வெவ்வேறு ஆழத்துக்குத் தேயும்.

என் முதலிடம் தூரிகைக்கும் உருளைக்கும்தான். மெதுவான வேலை என்பது உண்மை, ஆளின் திறமையை நம்பியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் எண்ணெய் இடுகிறவர் வடத்தை அடி அடியாகப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் வேறெந்த முறையிலும் இல்லை. முதலில் லிஃப்டை நிறுத்தி, வடத்தை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒட்டினால் அன்று எண்ணெயே தேவையில்லை. ஒட்டவில்லை என்றால், உலர் தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, ஆய்வு வேகத்தில், அதாவது பராமரிப்புக்கான மெதுவான ஓட்டத்தில், வடத்தை ஓடவிட்டு, நீண்ட கைப்பிடியுள்ள உருளையால், வடம் பள்ளத்துக்குள் நுழையும் பக்கம் தவிர்த்து வெளியேறும் பக்கத்தில், மெல்லிய பூச்சாக இட வேண்டும். கப்பியில் வளைந்து வரும் இடத்தில் வெளிப்புறப் புரிகள் சற்றே விரிந்திருப்பதால் எண்ணெய் அங்கேதான் நன்றாக உள்ளிறங்கும். ஓடும் வடத்தை வெறுங்கையாலோ துணியாலோ தொடவே கூடாது. அறுந்த ஒரு கம்பிமுனை துணியைக் கொத்தினால் கையையும் கப்பிக்குள் இழுத்துவிடும்.

ஒரு தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு எப்போதும் மேல். இட்ட பிறகு சில முறை மேலும் கீழும் ஓட்டி, நிறுத்தி, மேலே மினுங்கும் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். வடத்தின் முனைகளுக்கு அருகே கப்பியில் ஒருபோதும் ஏறாத துண்டு ஒன்று உண்டு. வளையாததால் அங்கே உட்தேய்வு குறைவு, ஆனால் நாடி நெரிபடாததால் எண்ணெய் வெளிவருவதும் குறைவு, துரு அங்கே எளிதில் பிடிக்கும். சொட்டுக்கலத்தின் திரி அந்த இடத்தை எட்டுவதே இல்லை, தூரிகை எட்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்பவர்களுக்கு நாள்காட்டியைக் காட்ட எனக்கு மனம் வருவதில்லை. நாளுக்குச் சில முறை மட்டும் ஓடும் லிஃப்டும் ஓய்வின்றி ஓடும் லிஃப்டும் ஒரே தவணையில் காய்வதில்லை; தயாரிப்பாளரின் குறிப்பேட்டை அடிப்படையாக வைத்து, விரலின் சாட்சியத்தைக் கொண்டு கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நார்நாடிக்குப் பதிலாக எஃகுநாடி கொண்ட வடமாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். நீளும் தன்மை குறைவு என்பதால் உயரமான கட்டடங்களுக்கு அது ஏற்றது. ஆனால் நாரைப்போல் எண்ணெயைத் தேக்கி வைக்க அதனால் முடியாது. ஆகையால் குறைவாகவும் அடிக்கடியும் இட வேண்டியிருக்கும்; சொட்டுக்கலத்தை நான் மறுக்காமல் ஏற்பது இங்கேதான், திரிகளை மாதந்தோறும் ஒருவர் தொட்டுப் பார்ப்பார் என்றால்.

எண்ணெய்ப் பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கு, மெல்லிய எஃகு இழைகளைப் பாலியூரிதேனால் மூடிய தட்டைப் பட்டை இருக்கிறது. ஓடிஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ஜென்2 என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. பிடிமானத்தை உறை பார்த்துக்கொள்வதால் அதற்கு எண்ணெய் தேவையில்லை, எண்ணெய் படவும் கூடாது. ஆனால் உள்ளிருக்கும் எஃகு கண்ணுக்குத் தெரியாமல் போவதால், மின்தடையை அளந்து இழைகளின் நிலையை ஊகிக்கும் கருவியை நம்ப வேண்டியிருக்கிறது. பழைய லிஃப்டில் வடத்தைக் கழற்றிவிட்டுப் பட்டையை மாட்டவும் இயலாது; கப்பி, எந்திரம் எல்லாம் மாற வேண்டும்.

எந்த முறையைத் தேர்ந்தாலும், அந்த எண்ணெய் படவே கூடாத வடம் ஒன்று உண்டு. வேகம் மீறினால் கூண்டின் பாதுகாப்புப் பிடிப்பானை இழுத்துவிடும் கவர்னர் வடம், கவர்னர் என்ற வேகக் காவல் கருவியின் பிடிக்குள் வழுக்காமல் சிக்கினால்தான் தன் வேலையைச் செய்யும். நிறுவிய பிறகு அதற்கு எண்ணெய் இடுவதை ஏ.எஸ்.எம்.இ. ஏ17.1 தடை செய்கிறது. இழுவை வடங்களுக்கு எண்ணெய் இட்டு முடித்ததும், தூரிகையைக் கீழே வைக்கும் முன், லிஃப்டை நிறுத்திவிட்டுக் கவர்னர் வடத்தையும் அதன் கப்பியையும் விளக்கடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு துளி தெறித்திருந்தாலும் உலர்ந்த துணியால் துடைத்து, அதன் பிடியைச் சோதித்த பிறகே லிஃப்டை ஓட விடுங்கள்.