நீலகிரி மலை ரயில்: பட்டம் எதற்குக் கிடைத்ததோ, அதற்கே டிக்கெட் எடுக்கலாம்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலைப் பற்றி வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை பனிமூட்டம், தேயிலைத் தோட்டம், ஜன்னலோர இருக்கை ஆகியவற்றைப் புகழ்வதோடு முடிந்துவிடுகின்றன. இவற்றுக்காக மட்டும் யாரும் ஒரு ரயில் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 2005-ஆம் ஆண்டு கூடிய உலகப் பாரம்பரியக் குழு இந்த ரயிலை ஏற்றுக்கொண்டபோது எடைபோட்டது அதன் பொறியியலையும், அது இந்த மலைப்பகுதியின் வாழ்க்கையில் உண்டாக்கிய மாற்றத்தையும்தான். ஆகவே இந்தச் சேவையையும் அந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுவதே முறை என்று கருதுகிறேன்.

உலகப் பாரம்பரியத் தகுதிக்கு மொத்தம் 10 அளவுகோல்கள் உள்ளன. முதல் ஆறு பண்பாட்டுக்கும் மீதி நான்கு இயற்கைக்கும் உரியவை. அவற்றில் ஒன்றையாவது நிறைவு செய்வதோடு, அந்த இடம் சிதையாமலும், பண்பாட்டுச் சின்னமானால் தன் உண்மைத்தன்மையை இழக்காமலும் இருப்பதையும், அதைப் பாதுகாக்க முறையான ஏற்பாடு இருப்பதையும் விண்ணப்பிக்கும் நாடு நிறுவ வேண்டும். முதலில் நாட்டின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற வேண்டும்; பிறகு முழு ஆவணம் பாரிஸிலுள்ள யுனெஸ்கோவுக்குச் செல்லும்; பண்பாட்டுச் சின்னம் என்றால் இகோமாஸ் என்னும் வல்லுநர் அமைப்பு நேரில் ஆய்வு செய்யும்; இறுதி முடிவை 21 நாடுகள் கொண்ட குழு எடுக்கும். நீலகிரி ரயிலுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருந்தது. டார்ஜிலிங் மலை ரயில் 1999-லேயே பட்டியலில் இடம்பெற்றுவிட்டதால், அதன் விரிவாக்கமாகவே நீலகிரி முன்வைக்கப்பட்டது. 2008-இல் கால்கா–சிம்லாவும் சேர, மூன்றும் இன்று 'இந்திய மலை ரயில்கள்' என்ற ஒரே பதிவின்கீழ் இருக்கின்றன. டார்ஜிலிங்கில் இல்லாத எது நீலகிரியில் இருக்கிறது என்று கேட்டால், பதில் கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

டார்ஜிலிங் ரயில் இரண்டடி அகலப் பாதையில் வளைந்தும், முன்னும் பின்னுமாகச் சென்றும் உயரத்தைச் சமாளிக்கிறது. இங்கேயோ மீட்டர் கேஜ் தண்டவாளங்களின் நடுவில் இரண்டு பல்சட்டங்கள், ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக அமையும்படி பதிக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் அவற்றைப் பற்றிக்கொண்டு, ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் ரயிலை ஏற்றுகிறது. சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வடிவமைத்த இம்முறையில் இயங்கும் ரயில் இந்தியாவில் இது ஒன்றுதான். இந்தப் பாதைக்கான யோசனை 1854-இல் எழுந்தும், மலையின் கடினத்தால் 1891-இல்தான் வேலை தொடங்கியது. 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் வரை ஏறும் 46 கி.மீ. பாதை 1908-இல் நிறைவுற்றது.

மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணியை ஒட்டிப் புறப்படும் வண்டியில், எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் முதல் பெட்டியில் இருப்பவருக்கு முன்னே பாதையும், கொடியுடன் நிற்கும் பிரேக்ஸ்மேனும்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பதும், பிரேக்கைக் கையால் இயக்குவதும் சுற்றுலாவுக்காக வைத்த காட்சி அல்ல, இந்தச் சரிவின் அன்றாடத் தேவை. கல்லாறில் பல்சக்கரம் சட்டத்தில் பொருந்தியதும், அதுவரை இரண்டு சிலிண்டர்களில் ஓடிய எஞ்சின், அவற்றில் பயன்பட்ட நீராவியையே இன்னும் இரண்டு சிலிண்டர்களுக்கு அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுழற்றத் தொடங்குகிறது. ஓசையின் தாளமே மாறுவதைக் காது உடனே கண்டுகொள்ளும். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் இறங்கித் தேநீர் குடிக்கலாம். கையிலுள்ள தின்பண்டத்தைக் குரங்குகளிடமிருந்து காப்பது உங்கள் பொறுப்பு.

சில எஞ்சின்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதையும், திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகவே நீராவி எஞ்சின்கள் கட்டப்பட்டதையும் உண்மைத்தன்மைக்கு இழுக்கு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இது ஓடிக்கொண்டிருக்கும் ரயில் என்பதே இதன் தகுதியில் ஒரு பகுதி. அதே வடிவமைப்பில் எஞ்சினைத் திரும்பக் கட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருப்பது இழப்பாகாது.

ஜன்னலுக்கு வெளியே தெரியும் காடும் இந்தப் பட்டத்துக்குள் அடக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். இயற்கைக்கு வழியே வேறு. நீலகிரியின் முக்குறுத்தி தேசியப் பூங்கா உள்ளிட்ட 39 பகுதிகள் 2012-இல் 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்ற பெயரில், உயிர்ப்பன்மைக்கும் சூழலியல் இயக்கத்துக்குமான அளவுகோல்களின்கீழ் தனியே இடம்பெற்றன. அவற்றை ஆராய்ந்தது இயற்கைப் பாதுகாப்புக்கான உலக வல்லுநர் அமைப்பான ஐயூசிஎன். அது முடிவைத் தள்ளிவைக்கப் பரிந்துரைத்தும், குழுவிலிருந்த நாடுகள் அதைக் கடந்து ஏற்றுக்கொண்டன. வல்லுநர் கருத்தும் நாடுகளின் வாக்கும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

சேவையாகப் பார்த்தால், வேகத்தை எதிர்பார்ப்பவருக்கு இது ஏற்றதல்ல. சாலையில் எளிதாகப் போய்விடக்கூடிய தூரத்துக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். இருக்கைகள் நெருக்கமானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். ஆனால் காசு கொடுத்து ஏமாறும் இடம் வேறு. பாரம்பரிய ரயில் பயணம் என்று சொல்லி எனக்கு விற்ற ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரின் தொகுப்பில் இருந்தது குன்னூர்–உதகை பகுதி மட்டுமே. அந்தப் பகுதியில் பல்சட்டமும் இல்லை. பெரும்பாலும் டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது. வெலிங்டன், கேத்தி, லவ்டேல் வழியே அது இனிய பயணம்தான், குழந்தைகளுக்கு அதுவே போதும். எனினும் பட்டத்துக்குக் காரணமான பல்சட்டத்தைப் பார்க்க விரும்புபவர் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையாவது ஏற வேண்டும். பணமோ நேரமோ குறைவாக இருந்தால், குன்னூரில் இறங்கிப் பேருந்து பிடிப்பதில் இழப்பு அதிகமில்லை.

என் மதிப்பீடு: மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதிக்கு ஐந்துக்கு ஐந்து, குன்னூர்–உதகைக்கு மூன்றரை. கோடை விடுமுறைக்கான இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் முன்பதிவு திறந்தவுடன் எடுத்துவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் கல்லாறு–குன்னூர் பாதை அவ்வப்போது மூடப்படுவதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை செல்பவர்கள் புறப்படுவதற்கு முதல் நாள் ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டே மேட்டுப்பாளையத்துக்கு வர வேண்டும்.