இரத்தத்தில் புற்றுநோயைத் தேடுதல்: எக்சோசோமா, மிதக்கும் டி.என்.ஏ.வா?

புற்றுநோயை உறுதிசெய்யக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்ஸியே இன்றும் முதன்மையான வழி. ஆனால் நுரையீரலின் ஆழத்திலோ கணையத்திலோ இருக்கும் கட்டியை, மருந்து வேலை செய்கிறதா என்று அறிவதற்காக அடிக்கடி ஊசியால் குத்திப் பார்க்க முடியாது. இந்த இடைவெளியை நிரப்ப வந்த இரத்தப் பரிசோதனைகள் மூன்று பொருள்களில் ஒன்றைத் தேடுகின்றன: கட்டியிலிருந்து பிரிந்துவந்த முழுச் செல்கள், இறந்த செல்கள் விட்டுச்சென்ற டி.என்.ஏ. துணுக்குகள் (மிதக்கும் டி.என்.ஏ.), செல்கள் தாமாக வெளியிடும் எக்சோசோம்கள். இவற்றுள் முழுச் செல்களை விரைவில் கடந்துவிடலாம். பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில்கூட 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஐந்து செல்கள் கிடைத்தாலே அது கவலைக்குரிய எண்ணிக்கை. தொடக்க நிலையில் பலருக்கு ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான்.

எக்சோசோம் என்பது 30 முதல் 150 நானோமீட்டர் வரை விட்டமுள்ள, கொழுப்புச் சவ்வால் மூடப்பட்ட நுண்குமிழ். 1983இல் முதிர்ந்துவரும் சிவப்பணுக்களை ஆராய்ந்த இரண்டு குழுக்கள், அவை தமக்கு இனித் தேவைப்படாத, இரும்பை உள்வாங்க உதவும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகளை இத்தகைய குமிழ்களில் வைத்து வெளியேற்றுவதைக் கண்டன. நெடுங்காலம் இது கழிவகற்றும் ஏற்பாடாகவே கருதப்பட்டது. நோயெதிர்ப்புச் செல்களின் எக்சோசோம்கள், நோய்க்கு எதிராகப் போரிடும் வெள்ளணு வகையான டி செல்களைத் தூண்டுவது 1996இலும், எக்சோசோம்கள் சுமந்துசெல்லும் தூது ஆர்.என்.ஏ. மற்றொரு செல்லுக்குள் புரதமாக மாறுவது 2007இலும் தெரியவந்த பிறகே, உடல்நலத்திலும் நோயிலும் செல்கள் பேசிக்கொள்ளும் வழிகளுள் இதுவும் ஒன்று என்பது விளங்கியது.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மிதக்கும் டி.என்.ஏ. பெரும்பாலும் மடிந்த செல்களிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 167 கார இணை (டி.என்.ஏ.வின் எழுத்து இணை) நீளமுள்ள துணுக்குகளாக இரத்தத்தில் உலவி, சில மணி நேரத்துக்குள் அகற்றப்பட்டுவிடுகிறது. எந்த மரபணுவில் மாற்றம் நேர்ந்துள்ளது என்பதை அது துல்லியமாகச் சொல்லும். எக்சோசோமோ உயிருள்ள செல் அனுப்பியது. அதன் சவ்வு உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ.வை இரத்த நொதிகளிடமிருந்து காப்பதால், கட்டி இப்போது எந்த மரபணுக்களை இயக்குகிறது என்பதையும் படிக்க முடிகிறது. சில புற்றுச் செல்களின் எக்சோசோம்கள் பி.டி.-எல்1 என்ற புரதத்தைத் தம் மேற்பரப்பில் ஏந்திச்சென்று டி செல்களைச் செயலிழக்கச் செய்வது 2018இல் காட்டப்பட்டது. நோயை உண்டாக்கிய மாற்றத்தை மட்டுமன்றி நோயின் நடத்தையையும் அறிய விரும்புவோருக்கு இது பெரிய வேறுபாடு.

அப்படியானால் மருத்துவமனைகளில் டி.என்.ஏ. பரிசோதனை முந்தியிருப்பது ஏன்? விடை பிரித்தெடுக்கும் வேலையில் இருக்கிறது. டி.என்.ஏ.வுக்கு எடுத்த இரத்தத்தைச் சாதாரணக் குழாயில் சில மணி நேரத்துக்குமேல் வைத்தால் வெள்ளணுக்கள் சிதைந்து, அவற்றின் டி.என்.ஏ. கட்டியின் துணுக்குகளை மூழ்கடித்துவிடும். செல்களைச் சிதையவிடாமல் காக்கும் குழாய்கள் இதைப் பெருமளவு தீர்த்துவிட்டன. எக்சோசோமுக்கு அத்தகைய எளிய தீர்வு இல்லை. இரத்தம் உறையும்போதே தட்டணுக்கள் தம் பங்குக்கு ஏராளமான குமிழ்களை வெளியிடுவதால், உறைந்த பின் மிஞ்சும் திரவமான சீரத்தைவிட, உறையவிடாமல் பிரித்த திரவமான பிளாஸ்மாவே விரும்பப்படுகிறது. அதிலும் கொழுப்புப் புரதத் துகள்கள் எக்சோசோம்களைவிடப் பன்மடங்கு அதிகம். சில வகைத் துகள்கள் அளவிலும் சில அடர்த்தியிலும் அவற்றை ஒத்திருக்கின்றன. புவியீர்ப்பைப்போல் ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றினாலும் முழுத் தூய்மை கிட்டுவதில்லை. பிரிக்கும் முறை மாறினால் முடிவும் மாறுகிறது. எக்சோசோம் ஆய்வுகளின் பெரிய அறிவிப்புகளை நான் பொறுமையோடு படிப்பதற்கு இதுவே காரணம்.

அங்கீகாரங்களும் இதையே காட்டுகின்றன. நுரையீரல் புற்றுநோயில் எந்த மருந்து பொருந்தும் என்பதைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றத்தை இரத்தத்தில் தேடும் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இலேயே ஒப்புதல் அளித்தது. எனவே எந்த மாத்திரையைத் தொடங்குவது என்பதே கேள்வியாக இருந்தால், டி.என்.ஏ. பரிசோதனையையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அதுவும் பிழையற்றது அன்று: வயதானோரின் இரத்தச் செல்களிலேயே சேரும் மரபணு மாற்றங்கள், கட்டியிலிருந்து வந்தவைபோல் தோன்றி ஏமாற்றக்கூடும்.

எக்சோசோமின் வலு வேறிடங்களில் தெரிகிறது. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி வெளியிடும் ஒரு புரதம்) அளவு இரத்தத்தில் சற்றே உயர்ந்த, 50 வயதைக் கடந்த ஆண்களின் சிறுநீர் எக்சோசோம்களில் மூன்று மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வை அளந்து, புராஸ்டேட் பயாப்ஸி தேவையா என்று முடிவெடுக்க உதவும் பரிசோதனை ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. புராஸ்டேட் சுரப்பியின் குமிழ்கள் சிறுநீரில் நேரடியாகச் சேர்வதால் இரத்தத்தின் கூட்ட நெரிசல் அங்கே இல்லை.

மூளைக் கட்டிகளுக்கும் எக்சோசோமையே முன்னிறுத்துவேன். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே பொருள்கள் கடப்பதைக் கட்டுப்படுத்தும் இரத்த-மூளைத் தடுப்பு காரணமாக அக்கட்டிகளின் டி.என்.ஏ. இரத்தத்தில் மிக அரிதாகவே கிடைக்கிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டி உள்ள நோயாளிகள் 25 பேரில் 7 பேரின் சீரத்தில் இருந்த நுண்குமிழ்களில், கட்டிக்கே உரிய இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் மூன்றாம் வகை (vIII) மாற்றத்தின் ஆர்.என்.ஏ. காணப்பட்டது. நோயறிதலுக்கு அந்த எண்ணிக்கை போதாது. ஆனால் மண்டையோட்டைத் திறக்காமல் கட்டியின் ஆர்.என்.ஏ.வைக் கையில் பெற முடியும் என்பதற்கு அது போதும்.