பூட்டிக் கிடக்கும் மலைநாட்டு வீடு: வால்வை மூடுவதா, ஆள் வைப்பதா?

நுவரெலியாவிலோ ஹப்புத்தளையிலோ விடுமுறை வீடு வைத்திருப்பவர்கள் கிளம்பும்போது ஒன்று, தண்ணீர் வால்வை மூடிவிட்டுப் பூட்டுவார்கள். இல்லையென்றால் ஊரில் ஒருவரிடம் சாவியைக் கொடுப்பார்கள்.

வால்வை மூடச் செலவில்லை. குழாய் வெடித்தாலும் வீடு மூழ்காது. ஆனால் வீதிப் பக்க வால்வு மட்டும் போதாது. மேலே 1000 லீற்றர் டாங்கி நிறைந்திருக்கும். அதிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் வால்வையும் மூட வேண்டும். ஹீட்டரையும் அணைத்துவிடுங்கள்.

சரி, மழை? மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவமழை. இடையில் ஒக்டோபர், நவம்பர் மழை வேறு. அதை எந்த வால்வும் நிறுத்தாது. இலை அடைத்த பீலி நிரம்பினால் தண்ணீர் தகரத்துக்கு அடியால் சீலிங்கில் இறங்கும். பூட்டிய அறையில் ஈரம் தங்கி மெத்தை, அலுமாரி எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். பீலியைத் துப்புரவாக்க, வெயில் நாளில் ஜன்னலைத் திறக்க, பின்பக்க வாய்க்காலில் மண் அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஆள்தான் வேண்டும்.

ஒரு வாரத்துக்கு வால்வு போதும். மாதக்கணக்கில் என்றால் வால்வையும் மூடி, ஆளும் வைப்பதே என் தெரிவு. அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த நாளில் வீட்டைப் பார்த்துவரச் சொல்லி அவரை அனுப்பவே கூடாது. சுவரில் புது வெடிப்போ சரிவில் திடீர்க் கலங்கல் ஊற்றோ தெரிந்தால் உடனே விலகிவிடும்படியும் முன்பே சொல்லிவையுங்கள்.